இரண்டு மழையும் தவறிய ஆண்டு: கொங்கு நாட்டின் 2016–17 வறட்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

பொங்கலூருக்கும் காங்கேயத்துக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில் எங்கள் குடும்பத்தின் தோட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அங்கே காற்றுக்குக் குறைவே இல்லை. சுற்றிலும் நிற்கும் காற்றாலைகள் மேற்கே முகம் வைத்து இரவும் பகலும் சுழன்றன. சோளத்தட்டுப் போரின் மேல் விரித்திருந்த தார்ப்பாய் கல் வைத்து அமுக்கியும் தங்கவில்லை. ஆனால் வாய்க்காலில் வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வரப்பில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டே, "மேக்கே மழை, நமக்குக் காத்துன்னு சொல்லுவாங்க தம்பி. இந்த வருசம் மேக்கேயும் காத்துதான் போல" என்றார். அவர் சொன்னதன் முன்பாதி எங்கள் பகுதியின் காலநிலை. பின்பாதி அந்த ஆண்டின் வானிலை.

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் மாவட்டங்களும் பழனி வட்டாரமும் சேர்ந்த கொங்கு நாட்டை மழை குறைந்த பூமி என்று சொல்லிவிடுவது வழக்கம். மழைமானி காட்டுவதும் அதுதான். கோவையில் ஆண்டு முழுவதும் பெய்வது சராசரியாக 600 முதல் 700 மில்லிமீட்டர் வரை. கிழக்கே காங்கேயம், தாராபுரம் பக்கம் போகப் போக வறட்சி கூடும். ஆயினும் நெல்லும் மஞ்சளும் கரும்பும் வாழையும் விளைகிற மண்ணும் இதுவே. வாய்க்கால் பாசனத்துக்கு வரும் தண்ணீர் எங்கள் வானத்திலிருந்து விழுந்தது அல்ல. அது ஆனி, ஆடியில் மேற்கு மலைகளில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. கிணற்றில் ஊறுவது ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வந்து எங்கள் தலைமேல் பெய்யும் வடகிழக்குப் பருவமழை. வேறு வேறு கடலிலிருந்து, வேறு வேறு மாதத்தில், வேறு வேறு வழியில் வந்து சேரும் இந்த இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டிச் சராசரி பார்த்தால் 2016–17 வறட்சி ஏன் அவ்வளவு ஆழமாக இறங்கியது என்பது விளங்காது. 2018-இல் அணைகள் நிரம்பிய பிறகும் எங்கள் கிணறுகள் ஏன் காய்ந்து கிடந்தன என்பதும் விளங்காது.

மலையும் கணவாயும் செய்வது

ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது. வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். மலையில் மோதி மேலேறும் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது, குளிர்வதால் தன்னிடமுள்ள நீராவியைத் தாங்க முடியாமல் மேகமாகவும் மழையாகவும் விட்டுவிடுகிறது. மறுபுறம் இறங்கும்போது இதற்கு நேர்மாறானது நடக்கிறது. இதை ஓர் எளிய கணக்காகப் போட்டுப் பார்ப்பது நல்லது. கடல் மட்டத்தில் 28 டிகிரி வெப்பமுள்ள ஈரக்காற்று 500 மீட்டர் உயரத்தில் மேகமாகத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவரை 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி வீதம் அது குளிரும். ஆகவே அந்த உயரத்தில் வெப்பம் 23 டிகிரி. அதற்கு மேல், நீராவி நீராகும்போது வெளிவரும் வெப்பம் குளிர்ச்சியின் வேகத்தைத் தடுப்பதால், வீதம் ஏறக்குறைய 5 டிகிரியாகக் குறைகிறது. 2,000 மீட்டர் முகட்டை அடையும்போது காற்று 15.5 டிகிரியில் இருக்கும். மழையை மேற்குச் சரிவிலேயே இறக்கிவிட்டு, 400 மீட்டர் உயரத்திலுள்ள கோவைச் சமவெளிக்கு வரும்போது அதே காற்று 1,000 மீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடேறி 31.5 டிகிரி ஆகிறது. மேற்கே, அதே 400 மீட்டர் உயரத்தில் அதன் வெப்பம் 24 டிகிரிதான். உண்மையான காற்று இவ்வளவு ஒழுங்காக ஏறி இறங்குவதில்லை என்றாலும், ஏழரை டிகிரி சூடேறி ஈரத்தையும் இழந்து வரும் காற்றில் மேகம் ஏன் கரைந்துபோகிறது என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.

இரண்டு மலைகளுக்கும் நடுவே முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. இந்த வழியில் வரும் காற்று மலையேறாமலே உள்ளே நுழைவதால், அதன் ஈரத்தில் கொஞ்சம் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் சாரலாகக் கிடைக்கிறது. ஆடியில் கோவையின் வெயில் தணிந்திருப்பதற்கும் இதுவே காரணம். ஆனால் குறுகிய வாசலில் நெருங்கி வேகமெடுக்கும் அந்தக் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பகுதிகளுக்கு வரும்போது மழையைத் தருவதை விட்டுவிட்டு ஈரத்தை எடுக்கத் தொடங்குகிறது. உடம்புக்குச் சுகமாக இருக்கிறதே என்று நாம் மகிழும் அதே காற்று வாய்க்காலின் மேற்பரப்பிலிருந்தும் உழுத மண்ணிலிருந்தும் தென்னை ஓலையிலிருந்தும் தண்ணீரைக் கவர்ந்துகொண்டு போகிறது. காங்கேயம் பகுதியின் கொரங்காடு இந்தக் காற்றோடு பல தலைமுறைகள் வாழ்ந்து கற்றுக்கொண்ட நில ஏற்பாடு: சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, நடுவே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல். வேலி காற்றின் வேகத்தைக் குறைக்கிறது, புல் மண்ணைப் பிடிக்கிறது, ஒரு நல்ல மழை கிடைத்தால் மாட்டுக்கு மேய்ச்சல் ஆகிவிடுகிறது. உழுது விதைக்க முடியாத நிலம் என்று இதைக் கருதுவோர் உண்டு. என் பார்வையில் எங்கள் வானத்தை நம்பி மட்டும் நடக்கும் ஒரே வேளாண்மை அதுதான்.

மலையின் மறுபக்கம் கதையே வேறு. பொள்ளாச்சியிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள சின்னக்கல்லாறு, வால்பாறை மலையில், ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறுகிறது. அந்தத் தண்ணீர் இயல்பாக மேற்கே ஓடி அரபிக்கடலில் சேர வேண்டியது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் அணைகளாலும் குகைப்பாதைகளாலும் சமமட்டக் கால்வாயாலும் அதன் ஒரு பகுதியைக் கிழக்கே திருப்பித் திருமூர்த்தி அணை வழியாக எங்கள் மேட்டு நிலம் வரை கொண்டுவருகிறது. நீலகிரியில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் போய்த் திரும்பி வரும் பவானி ஆறு, 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையில் தேங்குகிறது. 105 அடி உயரத்துக்கு 32.8 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி) கொள்ளும் அந்த அணையை நம்பிக் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. கோவை நகரம் குடிக்கும் சிறுவாணித் தண்ணீரும் கேரள எல்லைக்குள் உள்ள அணையிலிருந்து மலையைக் குடைந்து வருவதே. ஆடி பதினெட்டு அன்று பவானி கூடுதுறையில் பெருகி ஓடும் ஆற்றில் முளைப்பாரி விடும் குடும்பங்களின் சொந்தக் காட்டில் அந்த மாதம் மண் நனையும் அளவுக்குக்கூட மழை பெய்யாமல் இருப்பது எங்களுக்கு இயல்பான காட்சி.

பிறகு காற்று மாறும். புரட்டாசி கடைசியிலோ ஐப்பசி தொடக்கத்திலோ ஒரு சில நாட்கள் காற்றாலைகள் அசையாமல் நிற்கும். மதியம் புழுக்கம் தாங்காது. அதற்கடுத்த வாரத்தில் தோட்டத்துக்குப் போனால், மேற்கே பார்த்துக்கொண்டிருந்த காற்றாலைகளின் தலைகள் கிழக்கே திரும்பியிருக்கும். வங்கக்கடலின் ஈரம் இப்போது மேற்கு நோக்கி வருகிறது. பகல் வெயிலில் சூடேறிய நிலம் அதை மேலே தள்ள, மாலை நான்கு மணிக்குமேல் இடியுடன் மழை இறங்கும். கிணறுகளுக்கும் குட்டைகளுக்கும் மானாவாரிக் காடுகளுக்கும் உரிய மழை இது.

2016: இரண்டு கதவும் சாத்திய ஆண்டு

பொதுவாக இந்த இரண்டு மழையும் ஒருசேரத் தவறுவதில்லை. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை நாட்டளவில் மெலிவதும், வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வலுப்பதும் பல முறை நடந்திருக்கின்றன. 2015 அப்படிப்பட்ட ஆண்டு. சென்னை வெள்ளத்தில் மூழ்கியது அந்த ஆண்டின் இறுதியில்தான். ஆற்றுக் கணக்கில் குறைந்தால் கிணற்றுக் கணக்கில் கொஞ்சம் ஈடுகட்டும் இந்த ஏற்பாட்டின் மேல்தான் கொங்கு விவசாயம் தன்னையறியாமல் நின்றுகொண்டிருந்தது.

2016-இல் அது உடைந்தது. அந்த ஆண்டின் தென்மேற்குப் பருவமழையை நாட்டளவில் பார்த்தால் நீண்டகாலச் சராசரியில் 97 விழுக்காடு. வானிலைத் துறையின் வகைப்பாட்டில் அது இயல்பான மழை. ஆனால் எங்கள் அணைகளுக்குத் தண்ணீர் தரும் மலைகள் அடங்கிய கேரளத்தில் மழை 34 விழுக்காடு குறைந்தது. நாடு முழுவதற்குமான ஒரு சராசரி எண், எங்கள் நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பற்றி எதையுமே சொல்லவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தச் செய்தியைக் கேட்டு நம்பிக்கையோடு நாற்றுவிட்டவர்களை நான் அறிவேன். காவிரியிலும் இதே நிலை. மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படவில்லை. செப்டம்பர் 20-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது.

ஐப்பசி மீது வைத்த நம்பிக்கையும் பொய்த்தது. பசிபிக்கில் எல் நினோ முடிந்து, அதற்கு நேர்மாறாகக் கடல் குளிரும் லா நினாவின் பக்கம் சாய்ந்திருந்தது. இந்தியப் பெருங்கடலில் சுமத்ராவை ஒட்டிய கிழக்குப் பகுதி சூடாகவும் ஆப்பிரிக்காவை ஒட்டிய மேற்குப் பகுதி குளிர்ச்சியாகவும் இருக்கும் எதிர்மறை இருமுனை நிலை அந்த ஆண்டு வலுவாக இருந்தது. இரண்டுமே வடகிழக்குப் பருவமழைக்கு ஆகாதவை. மேலெழும் காற்றும் மழையும் கிழக்கே இழுபட்டுப் போய்விடுகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் சராசரியாகப் பெய்ய வேண்டிய 440 மில்லிமீட்டருக்குப் பதிலாக 168 மில்லிமீட்டர் மட்டுமே பெய்தது. 62 விழுக்காடு குறைவு. டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையை உலுக்கியபோது எங்கள் பக்கம் வானம் மூடிக்கொண்டதே தவிர, காடு நனையவில்லை. 2017 ஜனவரி 10 அன்று மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்தக் கோடையில் சிறுவாணி அணை வறண்டு, கோவை மக்கள் குடிநீருக்காக நாள்கணக்கில் காத்திருந்தார்கள்.

பாறைக்குள் இருக்கும் தண்ணீர்

வானத்தில் நேர்ந்த குறை தரைக்குள் எப்படிப் பெருகியது என்பதே இந்த நிகழ்வின் மையம் என்று கருதுகிறேன். கொங்கு நாட்டின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. மணல் நிறைந்த ஆற்றுப்படுகை போல அது தண்ணீரை நிறையச் சேர்த்து வைப்பதில்லை. மேலே சிதைந்த பாறையும், கீழே ஆங்காங்கே ஓடும் வெடிப்புகளும் கொள்வதுதான் கொள்ளளவு. சிதைந்த பாறையில் நூறு பங்கு கனஅளவுக்கு ஏறத்தாழ இரண்டு பங்குத் தண்ணீரை மட்டுமே வெளியே எடுக்க முடியும். பெய்யும் மழையில் பத்தில் ஒரு பங்கு போலத்தான் நிலத்தடிக்குப் போகிறது. 650 மில்லிமீட்டர் பெய்தால் 65 மில்லிமீட்டர் இறங்கும். இரண்டு விழுக்காடு கொள்ளளவுள்ள பாறையில் அந்த 65 மில்லிமீட்டர் நீர்மட்டத்தை மூன்று மீட்டருக்கு மேல் உயர்த்திவிடும். நல்ல மழையாண்டில் கிணறு மளமளவென்று ஏறுவதைப் பார்த்து நிறையத் தண்ணீர் வந்துவிட்டதாக நாம் நினைப்பதற்கு இதுவே காரணம். இறைக்கும்போதும் இதே கணக்குத்தான் திரும்பி வருகிறது: ஏறிய வேகத்திலேயே இறங்கும்.

மழை பாதியானால் ஊறுவதும் பாதியாகும் என்று எண்ணிவிடக் கூடாது. காய்ந்த மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்கிறது. வேர்களும் காற்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சினால்தான் கீழே இறங்கும். இடைவெளிவிட்டுப் பத்தும் பதினைந்துமாகப் பெய்யும் மில்லிமீட்டர்கள் மேல்மண்ணிலேயே முடிந்துவிடுகின்றன. 62 விழுக்காடு குறைந்த மழையில் எங்கள் மேட்டு நிலத்துக்குள் இறங்கியது அநேகமாக ஒன்றுமில்லை. அத்தோடு, வாய்க்காலில் தண்ணீர் ஓடும் ஆண்டுகளில் அதன் கசிவு சுற்றுப்புறக் கிணறுகளுக்கு ஒரு மறைமுக ஊற்று. வாய்க்காலில் தண்ணீர் விடும் சுற்றுகள் குறைந்தபோது அதுவும் நின்றது. ஆக, கிணற்றின் இரண்டு வரவும் ஒரே ஆண்டில் அடைபட்டன. செலவு மட்டும் கூடியது, ஏனென்றால் வாய்க்கால் வராத வயலுக்கும் கிணற்றிலிருந்துதான் இறைத்தார்கள்.

எங்கள் கிணறு எண்பது அடி. மேலே முப்பதடி மண்ணும் சிதைந்த பாறையும், அதற்குக் கீழே கருங்கல். தென்மேற்கு மூலையில், ஏறக்குறைய எழுபதடியில், ஒரு ஊற்றுக்கண். 2017 மாசியில் அந்த ஊற்றுக்கண் நின்றது. நீர்மட்டம் இருந்த உயரங்களில் எல்லாம் சுவரில் உப்பு வெள்ளைக் கோடுகளாகப் படிந்திருந்தது. கீழிருந்து மேலாக எண்ணினால் எந்தெந்த மாதம் எவ்வளவு இறங்கியது என்று படித்துவிடலாம் போலிருந்தது. பங்குனியில் போர் வண்டியைக் கூப்பிட்டோம். இரவெல்லாம் ஓடியது. ஐந்நூறு அடிக்கு மேல் ஒவ்வொரு குழாய் இறங்கும்போதும் வீட்டார் எல்லாரும் எழுந்து போய்ப் பார்த்தோம். துளையிலிருந்து வந்தது வெள்ளைக் கல்மாவு மட்டும். ஆயிரம் அடியில் நிறுத்தச் சொன்ன என் தந்தையின் தலைமுடியிலும் தோளிலும் அந்த மாவு படிந்திருந்தது. ஆழமாகப் போனால் தண்ணீர் இருக்கும் என்ற எண்ணம் வண்டல் நிலத்துக்குப் பொருந்தலாம். கடினப் பாறையில் ஆழம் கூடக் கூட வெடிப்புகள் அரிதாகின்றன, மேலே ஊறாத தண்ணீர் கீழே வந்து சேர வழியும் இல்லை. அந்த ஆண்டில் வட்டாரமெங்கும் போட்ட ஆழ்துளைகளில் பலவும் இந்தப் பாடத்தைத்தான் அவரவர் கடனில் எழுதின.

தென்னைகளின் சாவு மெதுவாக நடந்தது. அடிமட்டைகள் முதலில் தொங்கின, குரும்பைகள் உதிர்ந்தன, கடைசியில் குருத்து சாய்ந்தது. பாளை வெடித்துத் தேங்காய் முற்றவே ஓர் ஆண்டு ஆகும் மரம் அது. பிழைத்த மரங்களிலும் வறட்சியின் கணக்கு அடுத்தடுத்த ஆண்டுகளின் வெட்டில்தான் வந்தது. பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் பகுதிகளில் மொட்டையாக நின்ற தென்னைகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

நிரம்பிய அணை, காய்ந்த கிணறு

2018-இல் தென்மேற்குப் பருவமழை கொட்டியது. ஜூலையில் மேட்டூர் 120 அடியை எட்டியது. ஆகஸ்டில் கேரளம் பெருவெள்ளத்தில் தத்தளித்தது. எங்கள் மேற்கு அணைகளும் நிறைந்தன. வறட்சி தீர்ந்தது என்று எல்லாரும் பேசினார்கள். ஆனால் அந்த ஆண்டின் வடகிழக்குப் பருவமழை மீண்டும் 24 விழுக்காடு குறைந்தது. வாய்க்காலில் தண்ணீர் கரைபுரண்டு ஓட, அதிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி மேட்டிலுள்ள கிணறுகளில் கல் போட்டால் கல்லில் விழும் சத்தம்தான் கேட்டது. ஆற்றுக் கணக்கும் கிணற்றுக் கணக்கும் வேறு என்று மேலே சொன்னதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆண்டு கிடைக்காது.

2019 வேறொரு செய்தியைக் கொண்டுவந்தது. ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் நீலகிரியின் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 911 மில்லிமீட்டர் மழை பெய்தது. கோவை சமவெளி ஓர் ஆண்டு முழுவதும் பெறும் மழையைவிட ஒரே நாளில் கூடுதல். அந்தத் தண்ணீர் குந்தா ஆற்றின் வழியே பவானியில் இறங்கியது. ஒற்றை நிகழ்வை மட்டும் வைத்துக் காலநிலை மாற்றத்தின் மேல் பழி போட முடியாதுதான். ஆனாலும் காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். அரபிக்கடல் சூடேறி வருகிறது என்பது அளந்து கண்டது. மூன்று மாதம் சாரலாகப் பெய்ய வேண்டிய மழை மூன்று நாளில் இறங்கினால், மொத்த அளவு மாறாவிட்டாலும் சோலைக்காட்டு மண்ணுக்கு உறிஞ்ச நேரம் இருக்காது, அணைக்கு வாங்கிக்கொள்ள இடம் இருக்காது, மாசி பங்குனியில் ஓடைகளில் கசியும் தண்ணீரும் இருக்காது. மழை எவ்வளவு என்பதைவிட எத்தனை நாளில் என்பதை நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் கவனிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஆடித் தண்ணீரை ஐப்பசி நிலத்துக்குக் கொண்டுபோகும் முயற்சியாகவே அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தைப் பார்க்கிறேன். அறுபது ஆண்டுகளுக்கு மேலான கோரிக்கைக்குப் பின் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட இத்திட்டம், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் வழியும் உபரியில் 1.5 டி.எம்.சி.யை நீரேற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 ஏரிகளையும் குளம் குட்டைகளையும் நிரப்புகிறது. நொடிக்கு 250 கனஅடி வீதம் எழுபது நாள் எடுத்தால் இந்த அளவு வந்துவிடும். குட்டையில் தேங்கும் தண்ணீர் சுற்றியுள்ள சிதைந்த பாறைக்குள் மெல்ல இறங்குவதால், இரண்டு கணக்குகளுக்கும் நடுவே ஒரு பாலம் போடப்பட்டிருக்கிறது. அந்தப் பாலம் 2018-ஐப் போன்ற ஆண்டுக்கு உதவும். உபரியே இல்லாத 2016-ஐப் போன்ற ஆண்டுக்கு உதவாது. குட்டைகளின் அடியில் படிந்த வண்டலை அகற்றாமல் நிரப்பினால் தண்ணீர் கீழே இறங்குவதைவிட ஆடிக் காற்றுக்குப் போவதே மிகுதியாக இருக்கும். திட்டத்தைப் போற்றுகிற நான் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

2017 சித்திரையிலிருந்து ஒவ்வொரு தமிழ் மாதப் பிறப்பன்றும் கயிற்றில் கல் கட்டி எங்கள் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஒரு பத்தியில் கிணறு. அடுத்த பத்தியில் பவானிசாகரின் அன்றைய மட்டம். 2018 ஆவணியில் இரண்டாம் பத்தி மளமளவென்று ஏறியபோது முதல் பத்தியில் 'வறண்டது' என்றே எழுதியிருக்கிறேன். 2019 ஐப்பசியில் நான்கு நாள் தொடர்ந்து மாலை மழை பெய்தது. கார்த்திகை முதல் தேதி காலையில் பெரியவரும் கூட வந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். ஐம்பத்திரண்டாவது அடியில் கல் தண்ணீரைத் தொட்டது.